ஐந்தாம் நாள் எல்லா நாடுகளுக்கும் வேண்டும்: சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

ஐசிசி தலைவருக்கும், இயக்குநர் குழுவுக்கும், அந்தக் குழுவில் வாக்குரிமை உள்ள எல்லா கிரிக்கெட் வாரியங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

2027-29 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் சுற்றில் ஐந்து நாளுக்குப் பதில் நான்கு நாள் டெஸ்ட்டுகளை அனுமதிக்க நீங்கள் தயாராகி வருவதாக 2025 ஜூனில் செய்தி வந்தது. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் அந்த சாம்பியன்ஷிப்பின் இறுதிப்போட்டி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. செய்தியில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா மூன்றும் தங்களுக்குள் மோதும் பெரிய தொடர்கள் இப்போதுபோலவே ஐந்து டெஸ்ட், ஐந்து நாள் என்று நடக்கும். மற்ற நாடுகளுக்கு நான்கு நாள். செலவு குறையும், மூன்று டெஸ்ட் கொண்ட தொடரை மூன்று வாரத்துக்குள் முடித்துவிடலாம், அதனால் சிறிய நாடுகள் இன்னும் அதிகமாக டெஸ்ட் ஆடலாம் என்பது சொல்லப்பட்ட காரணம்.

இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நான் வாரியத்தில் இருப்பவனோ பத்திரிகைக்காரனோ அல்ல. சிறு வயதிலிருந்து டெஸ்ட் பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எடுக்கப் பார்ப்பது எது, யாரிடமிருந்து எடுக்கப் பார்க்கிறீர்கள் என்பது என்னைப் போல வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் இந்த மடல்.

அந்தச் செய்தி வந்த சில நாட்களில் இங்கிலாந்து - இந்தியா தொடர் தொடங்கியது. ஜூன் 20 அன்று லீட்ஸில் ஆரம்பித்து ஆகஸ்ட் 4 அன்று ஓவலில் முடிந்தது. ஐந்து டெஸ்ட்டுகளுமே ஐந்தாம் நாளுக்குப் போயின. லீட்ஸில் கடைசி நாளில் இங்கிலாந்து 371 ரன்னைத் துரத்திப் பிடித்தது. பர்மிங்காமில் இந்தியா 336 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆகாஷ் தீப் பத்து விக்கெட் எடுத்தார். லார்ட்ஸில் 193 என்ற சின்ன இலக்கைத் துரத்திய இந்தியா 170-இல் சுருண்டது. மான்செஸ்டரில் டிரா. ஓவலில் இந்தியாவுக்கு 6 ரன் வெற்றி. தொடர் 2-2.

இந்த ஐந்தில் எதை நான்காம் நாளோடு நிறுத்தியிருந்தாலும் வேறு கதையாகியிருக்கும். லார்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் எட்டு விக்கெட் போன பிறகு ஜடேஜாவும் பும்ராவும் நின்றார்கள். பும்ரா 54 பந்து தாக்குப்பிடித்து 5 ரன் எடுத்தார். அப்புறம் சிராஜ் 30 பந்து. அந்த 84 பந்துகளும் எனக்கு இன்னும் மனப்பாடம். கடைசியில் இங்கிலாந்தின் ஷோயப் பஷீர் வீசிய பந்தை சிராஜ் நல்லபடியாகத்தான் தடுத்தார். ஆனால் மட்டையில் பட்ட பந்து தரையில் விழுந்து பின்னால் உருண்டு ஸ்டம்ப்பைத் தொட்டது, பெயில் விழுந்தது. பஷீருக்கே அப்போது இடது கை விரல் உடைந்திருந்தது. மறுமுனையில் 181 பந்து ஆடி 61 ரன்னோடு ஜடேஜா அப்படியே நின்றார். இந்தியா தோற்ற ஆட்டம்தான் அது. இருந்தாலும் அதைப் பார்த்ததற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

மான்செஸ்டர் இன்னும் முக்கியமான சாட்சி. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் இந்தியாவுக்கு இரண்டு விக்கெட் போய்விட்டது; பின்தங்கியிருந்ததோ 311 ரன். கில்லும் ராகுலும் சேர்ந்து 188 ரன் எடுத்தார்கள். பிறகு ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும். மொத்தம் 143 ஓவர் பேட் செய்து ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். யாரும் ஜெயிக்காத அந்த டெஸ்ட்டில்தான் தொடரே உயிர் பிழைத்தது. அது கைவிட்டுப் போயிருந்தால் இங்கிலாந்து 3-1 என்று முன்னால் போயிருக்கும். ஓவல் வெறும் சம்பிரதாய ஆட்டமாக முடிந்திருக்கும்.

இனி ஓவல். நான்காம் நாள் மாலை இங்கிலாந்து 339/6. இலக்கு 374. இன்னும் 35 ரன், நான்கு விக்கெட். ரூட்டும் புரூக்கும் சதம் அடித்து ஆட்டத்தை ஏறக்குறைய முடித்தே விட்டிருந்தார்கள். புரூக் 19-இல் இருந்தபோது சிராஜ் எல்லைக்கோட்டில் கேட்ச் பிடித்து, காலைக் கயிற்றின் மேல் வைத்துவிட்டார். அவுட்டாகியிருக்க வேண்டிய பந்து சிக்சர் ஆனது. புரூக் 111 வரை போனார். இரண்டு பேரும் ஆட்டமிழந்து, ஆட்டம் திடீரென்று இந்தியா பக்கம் சாய ஆரம்பித்த நேரத்தில் வெளிச்சம் போதவில்லை என்று நிறுத்தினார்கள். பின்னாலேயே மழையும் வந்தது. அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

அன்று இரவு யாராவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்களா என்று தெரியாது. நான் தூங்கவில்லை. இரண்டு பவுண்டரி போனால் ஆட்டம் கை நழுவிவிடும். புதிய பந்து வேறு நாலு ஓவரில் கிடைக்கும். எடுப்பார்களா, பழையதே ஸ்விங் ஆகிறதே என்று தெரிந்தவர்களோடெல்லாம் வாதாடிக்கொண்டிருந்தேன். ஒரு விளையாட்டு முடியாமல் ஒரு முழு இரவு காத்துக் கிடப்பது வேறு எந்த வடிவத்திலும் கிடையாது. நான்காம் நாள் ராத்திரிக்கு இருக்கும் அந்தக் கனம் ஐந்தாம் நாள் என்று ஒன்று இருப்பதால்தான் வருகிறது.

மறுநாள் திங்கட்கிழமை, வேலை நாள். வேலை செய்யும் இடத்தில் ஒரே ஒரு போனைச் சுற்றி நாங்கள் ஏழெட்டுப் பேர். அதில் பாதிப் பேர் டி20 தவிர வேறெதுவும் பார்க்காத இளைஞர்கள். முதல் பந்தே பவுண்டரி. அடுத்த பந்து உள் விளிம்பில் பட்டு இன்னொரு பவுண்டரி. சரி, முடிந்தது என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். அதன் பிறகு சிராஜ் ஸ்மித்தை எடுத்தார், ஓவர்ட்டனை எடுத்தார். பிரசித் கிருஷ்ணாவின் யார்க்கரில் டங்க் போனார். 357/9. இன்னும் 17 ரன்.

அப்போது இங்கிலாந்தின் கடைசி ஆட்டக்காரராக கிறிஸ் வோக்ஸ் படியிறங்கி வந்தார். டெஸ்ட்டின் முதல் நாளில் பவுண்டரியைத் தடுக்கப் பாய்ந்து தோள்பட்டை இறங்கிப்போனவர். இடது கை தூளியில் கட்டப்பட்டு ஸ்வெட்டருக்குள் இருந்தது. மட்டை வலது கையில் மட்டும். அரங்கமே எழுந்து நின்றது. எங்களோடு இருந்த ஒரு பையன், "அவருக்கு ரன்னர் வைக்கலாமே?" என்று கேட்டான். காயம்பட்டவருக்குப் பதிலாக ஓடும் ரன்னரை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. அட்கின்சன் ஒரு சிக்சர் அடித்தார். ஆகாஷ் தீப்பின் கையில் பட்டுத்தான் பந்து எல்லையைத் தாண்டியது. ஓவரின் கடைசிப் பந்தில், மட்டையில் படாமலே எடுக்கும் ஒரு 'பை' ரன்னுக்கு ஓடியபோது வோக்ஸின் முகம் வலியில் சுருங்கியதைப் பார்த்து, இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நாங்களே "ஐயோ" என்றோம். இங்கிலாந்துக்கு ஏழு ரன் தேவைப்பட்டபோது, தொடரில் 185 ஓவருக்கு மேல் வீசிக் களைத்துப்போன சிராஜ், அட்கின்சனின் ஆஃப் ஸ்டம்ப்பைச் சாய்த்தார். அன்று காலை வீசப்பட்டது மொத்தமே 53 பந்துகள். வோக்ஸ் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. ரன் கணக்கில் இந்தியாவின் மிகக் குறுகிய டெஸ்ட் வெற்றி அதுதான்.

ரன்னர் பற்றிக் கேட்ட அந்தப் பையன் மறுநாள் என்னிடம் வந்து, "அண்ணா, அடுத்த டெஸ்ட் எப்போ?" என்றான். இளைஞர்களுக்கு டெஸ்ட் பிடிக்காது, பொறுமை இல்லை என்று உங்கள் கூட்டங்களில் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாளை ஒரு தடவை சரியாகப் பார்த்தவர்கள் திரும்ப வருகிறார்கள்.

இங்கே நீங்கள் ஒன்று சொல்லலாம்: "அந்தத் தொடரில் கை வைக்கப்போவதில்லையே, அது ஐந்து நாளாகவே இருக்குமே." என் கோபத்துக்குக் காரணமே அந்த வாக்கியம்தான். ஒரே சாம்பியன்ஷிப், ஒரே புள்ளிப் பட்டியல். அதில் மூன்று பேருக்கு மட்டும் முழுச் சாப்பாடு, மற்றவர்களுக்குக் குறைத்துப் பரிமாறுவது என்றால் அது பந்தி வஞ்சனை. ஐந்தாம் நாள் பணக்கார வாரியங்களின் சொத்து இல்லை. சொல்லப்போனால், சிறிய நாடுகளின் மிகப் பெரிய நாட்கள் பல ஐந்தாம் நாளில்தான் வந்திருக்கின்றன.

2014-இல் இலங்கை இரண்டே டெஸ்ட் ஆட இங்கிலாந்து போனது. லார்ட்ஸில் கடைசி ஓவர் வரை கடைசி ஜோடி தாக்குப்பிடித்து டிரா செய்தது. அடுத்தது லீட்ஸ், ஜூன் 24, ஐந்தாம் நாள் மாலை. இங்கிலாந்தின் மொயீன் அலி சதமடித்து ஒரு முனையில் நிற்கிறார். மறுமுனையில் ஆண்டர்சன் 81 நிமிடமாக ஒரு ரன்கூட எடுக்காமல் பந்துக்குப் பந்து தடுத்துக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தில் மீதம் இரண்டு பந்து. இலங்கையின் ஷமிந்த எரங்க எழும்பும் பந்து ஒன்றை உடம்புக்கு நேராக வீச, ஆண்டர்சன் தற்காப்பாக மட்டையைத் தூக்க, ஹேரத் கைக்குக் கேட்ச் போனது. ஆண்டர்சன் சந்தித்த 55-ஆவது பந்து அது. இலங்கை தொடரை 1-0 என வென்றது. தொடர் முழுவதும் ஐந்தாம் நாளின் கடைசிப் பந்துகளில்தான் தீர்மானமானது. நீங்கள் யோசிக்கும் விதியின்படி இலங்கை இனி இப்படி ஒரு மாலையைப் பார்க்கவே வாய்ப்பில்லை.

2021 பிப்ரவரியில் வெஸ்ட் இண்டீஸ் முன்னணி வீரர்கள் பலர் இல்லாமல் வங்கதேசம் போனது. சட்டோகிராமில் இலக்கு 395. கடைசி நாள் காலையில் 110/3. அறிமுக டெஸ்ட் ஆடிய கைல் மேயர்ஸ் அன்று முழுவதும் நின்று 210 நாட் அவுட். மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. அவரோடு 216 ரன் சேர்த்த பானருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். வீட்டில் அந்த நேரடி ஒளிபரப்பைப் பார்த்தது நான் ஒருவன் மட்டும்தான். கூப்பிட்டுச் சொல்ல ஆள் தேடினேன்.

2022 ஜனவரி 5, மவுண்ட் மாங்கனூய். நியூசிலாந்து மண்ணில் வங்கதேசத்தின் முதல் டெஸ்ட் வெற்றி, ஐந்தாம் நாளில். விமானப்படை வீரரான எபாதத் ஹொசைன் 46 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். விக்கெட் விழும்போதெல்லாம் அவர் வைத்த சல்யூட்டை மறக்க முடியுமா? 2024-இல் ராவல்பிண்டியில் பாகிஸ்தானை வங்கதேசம் இரண்டு டெஸ்ட்டிலும் வென்றது. இரண்டுமே ஐந்தாம் நாளில்தான். இரண்டாவது டெஸ்ட்டில் முதல் நாள் முழுக்க மழையில் போனது. வங்கதேசம் ஒரு கட்டத்தில் 26/6. லிட்டன் தாஸ் 138 அடித்து மீட்டார். அட்டவணையின் நான்காம் நாள் முடிவில், கடைசி இன்னிங்ஸில் இலக்கைத் துரத்திய வங்கதேசம் 42/0. இன்னும் 143 ரன் தேவை. உங்கள் நான்கு நாள் டெஸ்ட்டில் அங்கேயே கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அயர்லாந்தின் முதல் டெஸ்ட்டும் அப்படித்தான். 2018 மே, டப்ளின். முதல் நாள் மழை. முதல் இன்னிங்ஸில் வெகுவாகப் பின்தங்கியதால் உடனே மறுபடியும் பேட் செய்யவேண்டிய ஃபாலோ ஆன். அப்புறம் கெவின் ஓ'பிரையன் 118 அடித்தார். கடைசி நாளில் பாகிஸ்தான் 14/3 என்று தடுமாறியபோது எதிரணி ரசிகர்களே நகத்தைக் கடித்திருப்பார்கள். தோற்றாலும் இவர்களுக்கு டெஸ்ட் ஆடத் தகுதி உண்டு என்று அயர்லாந்து காட்டியது அந்த ஐந்தாம் நாளில்தான். அதே அயர்லாந்து பிறகு 2019-லும் 2023-லும் லார்ட்ஸுக்கு வந்தபோது கொடுக்கப்பட்டவை நான்கு நாள் டெஸ்ட்டுகள்.

"பெரும்பாலான டெஸ்ட் நான்கு நாளில் முடிந்துவிடுகிறது" என்ற வாதம் எனக்குத் தெரியும். முடியட்டும். முடிந்தவற்றைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஐந்தாம் நாள் என்று ஒன்று இருப்பதே முதல் நான்கு நாளையும் மாற்றுகிறது. விக்கெட் மீதம் இருக்கும்போதே எப்போது இன்னிங்ஸை முடித்து டிக்ளேர் செய்வது, ஃபாலோ ஆன் கொடுப்பதா வேண்டாமா, பந்துவீச்சாளர்களை எவ்வளவு களைக்க விடலாம், விரிசல் விட்டுக் காய்ந்த ஆடுகளத்தில் யார் கடைசியாக பேட் செய்வது என்று கேப்டன் போடும் கணக்கெல்லாம் அந்த நாளை வைத்துத்தான். 2006 அடிலெய்டில் முதல் இன்னிங்ஸில் 551/6 என்று டிக்ளேர் செய்த இங்கிலாந்து, ஐந்தாம் நாளில் ஆஸ்திரேலியாவின் சுழற்பந்து வீச்சாளர் வார்னிடம் மாட்டி 129-இல் சுருண்டு தோற்றதே, அது நான்கு நாள் ஆட்டத்தில் நடக்குமா? டிராதான். தேய்ந்த ஆடுகளத்தில் சுழற்பந்து வீச்சாளருக்கு இருக்கும் ஒரே முழு நாளை எடுத்துவிட்டு, "சுழற்பந்து ஏன் வளரவில்லை" என்று பிறகு ஆய்வுக்குழு அமைக்காதீர்கள்.

நான்கு நாளில் ஒரு நாளைக்கு 98 ஓவர் வீசவைப்போம் என்கிறது உங்கள் விதி. நான்கு நாளைக்கு 392. ஐந்து நாளைக்கு, தினமும் 90 வீதம், 450. வெறும் 58 ஓவர்தானே வித்தியாசம் என்று தாளில் தோன்றும். ஆனால் 90-ஐயே யார் வீசுகிறார்கள்? 2025 லார்ட்ஸ் டெஸ்ட்டின் முதல் நாளில் 83 ஓவர்தான் வீசப்பட்டது. அந்த டெஸ்ட்டில் மெதுவாக ஓவர் வீசியதற்காக இங்கிலாந்துக்கு இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளி வெட்டினீர்கள். சரிதான், ஆனால் அரங்கில் உட்கார்ந்திருந்தவருக்குப் போன ஓவர் திரும்பக் கிடைத்ததா? 83-ஐ 98 ஆக்கும் வழியை முதலில் காட்டுங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஓவல் டெஸ்ட்டில் மொத்தம் வீசப்பட்டது 300 ஓவருக்கும் குறைவு. கணக்குப்படி அது 392-க்குள் அடங்கும். ஆனாலும் ஐந்தாம் நாள் தேவைப்பட்டது. முதல் நாள் மழையால் 64 ஓவர்தான் நடந்தது. நான்காம் நாள் மாலையை இருட்டும் மழையும் தின்றன. மழை பெய்யும் நாடுகளில் ஆடும் ஆட்டம் இது. ஐந்தாம் நாள்தான் அதற்கு இருக்கும் ஒரே காப்பீடு. மின்விளக்கு எரியும் மைதானத்தில் வெளிச்சம் போதாதென்று ஆட்டத்தை நிறுத்தும் நடைமுறையை வைத்துக்கொண்டே ஒரு முழு நாளையும் வெட்டுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

ஆரம்ப காலத்தில் மூன்று நாள், நான்கு நாள் டெஸ்ட்டெல்லாம் இருந்ததே என்பார்கள். இருந்தது. முடிவே இல்லாத டெஸ்ட்டும் இருந்தது. 1939-இல் டர்பனில் பத்தாம் நாள் வரை போயும் முடியாமல், கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று இங்கிலாந்து அணி கிளம்பிப் போனது. இலக்கு 696, எடுத்திருந்தது 654/5. இப்படி எல்லாவற்றையும் முயன்று பார்த்த பிறகுதான் ஐந்து நாள் என்று நிலைத்தது. 2020-இல் நான்கு நாள் யோசனை வந்தபோது கோலியும் சச்சினும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஆடுபவர்கள் வேண்டாம் என்றதை ஐந்தே வருடத்தில் வேறு வாசல் வழியாகக் கொண்டுவருகிறீர்கள்.

இனி, இரண்டே டெஸ்ட் கொண்ட தொடர்களைப் பற்றி. நான்காவது நாளோடு முடிப்பதும் இரண்டாவது டெஸ்ட்டோடு முடிப்பதும் என் கண்ணுக்கு ஒரே தவறுதான். இரண்டிலும் ஆட்டம் சூடு பிடிக்கும் இடத்தில் கதவைச் சாத்துகிறீர்கள்.

2023 பிப்ரவரி 28, வெலிங்டன். ஃபாலோ ஆன் பெற்ற நியூசிலாந்து, ஐந்தாம் நாளில் இங்கிலாந்தை ஒரே ஒரு ரன்னில் வென்றது. டெஸ்ட் வரலாற்றில் ஒரு ரன்னில் முடிந்த இரண்டாவது ஆட்டம். லெக் பக்கம் போன நியூசிலாந்து வீரர் வாக்னரின் பந்து ஆண்டர்சனின் மட்டையை உரச, பிளண்டெல் பாய்ந்து பிடித்தார். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். தொடர் 1-1. அடுத்த டெஸ்ட் எங்கே? கிடையாது. 2024 ஜனவரியில் கேப்டவுனில் 642 பந்துகளில் ஒரு டெஸ்ட் முடிந்து, தென்னாப்பிரிக்கா - இந்தியா தொடர் 1-1. மூன்றாவது டெஸ்ட்? கிடையாது. அதே மாதம் பிரிஸ்பேனில், முந்தின நாள் ஸ்டார்க்கின் யார்க்கர் கால் விரலில் பட்டு நடக்கவே சிரமப்பட்ட ஷமார் ஜோசப் 68 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தார். வெஸ்ட் இண்டீஸ் எட்டு ரன்னில் வென்றது. 1997-க்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் அவர்களுக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி. 1-1. உலகமே மூன்றாவது டெஸ்ட்டைப் பார்க்கத் தயாராக இருந்தது; வீரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

2023-25 சுற்றில் இங்கிலாந்து 22 டெஸ்ட் ஆடியது. அந்தச் சுற்றில் உலக சாம்பியன் ஆன தென்னாப்பிரிக்கா ஆடியது இறுதிப்போட்டிக்கு முன் 12. இரண்டு டெஸ்ட்டுக்கு மேல் ஒரு தொடர்கூட அவர்களுக்கு இல்லை. சாம்பியன்களின் நிலையே இது.

பணம் இல்லை என்பது உண்மையான கஷ்டம்தான். அதை நான் சுலபமாக ஒதுக்கவில்லை. பல நாடுகளுக்கு ஒரு டெஸ்ட் நடத்துவதே நஷ்டம். ஆனால் அந்த நஷ்டத்தை ஒரு நாளை வெட்டி ஈடுகட்டச் சொல்வதற்கு முன், பங்கீட்டைப் பாருங்கள். 2024-27 காலத்துக்கு ஐசிசி வருமானத்தில் 38.5 சதவீதம் இந்திய வாரியத்துக்குப் போகிறது. நான் இந்திய ரசிகன். அந்தப் பணம் எங்கள் கண்களிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். அப்படியென்றால் அதில் ஒரு பகுதி இலங்கை - வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட்டின் ஐந்தாம் நாளுக்குப் போகட்டும் என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு. எதிரணி பலமாக இருந்தால்தான் எங்களுக்கும் ஓவல் போன்ற நாட்கள் கிடைக்கும்.

நான் கேட்பது இவை.

2027-29 சுற்றில் நான்கு நாள் டெஸ்ட்டுக்கு அனுமதி தராதீர்கள். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்புக்குள் எந்த ஆட்டமும், யார் ஆடினாலும், ஐந்து நாள். மூன்று நாடுகளுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்ற பேச்சே வேண்டாம்.

சாம்பியன்ஷிப் தொடருக்கு இப்போது குறைந்தபட்சம் இரண்டு டெஸ்ட் என்று இருப்பதை மூன்று ஆக்குங்கள். ஒரே சுற்றில் முடியாவிட்டால், முதலில் 1-1 என நிற்கும் தொடர்களுக்காவது மூன்றாவது டெஸ்ட் நடக்கும்படி அட்டவணையில் இடம் விடுங்கள்.

அந்த மூன்றாவது டெஸ்ட்டுக்கும் ஐந்தாம் நாளுக்கும் ஆகும் செலவை, நஷ்டத்தில் நடத்தும் வாரியங்களுக்கு ஐசிசியின் பொது வருமானத்திலிருந்து கொடுங்கள். பங்கீட்டுக்கு முன்பே அதை எடுத்து வையுங்கள். பெரிய வாரியங்களின் பெருந்தன்மைக்கு விட்டுவிட வேண்டாம்.

மின்விளக்கு உள்ள மைதானங்களில் வெளிச்சக் குறைவுக்காக ஆட்டத்தை நிறுத்தும் விதியை மறுபரிசீலனை செய்யுங்கள். ஒரு நாளில் வீசாமல் விட்ட ஓவர்களை மறுநாள் காலை முன்கூட்டியே தொடங்கி வீச வையுங்கள்.

கடைசியாக, இதை வாக்கெடுப்புக்கு விடுவதற்கு முன் முழு முன்மொழிவையும் பொதுவில் வெளியிடுங்கள். எந்த நாட்டுக்கு எத்தனை டெஸ்ட், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எல்லாமும் அதில் இருக்க வேண்டும். பன்னிரண்டு டெஸ்ட் நாடுகளின் வீரர்களிடமும் எழுத்தில் கருத்துக் கேட்டு அதையும் வெளியிடுங்கள். எந்த வாரியம் எப்படி வாக்களித்தது என்பதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்ட் கிரிக்கெட் ரசிகன்